மாட்டுச் சந்தைக் குவார்ட்டர்பேக்

எங்கள் அணிக்குப் புதிதாக வந்த ஓரின் ஹாக்லண்ட் தேறமாட்டான் என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவன் நான்தான். ஆகஸ்ட் மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பயிற்சி முடிந்து ஐஸ் தொட்டியில் போய் விழுகிற அவசரத்தில் இருந்தேன். தொலைக்காட்சிக்காரன் குறுக்கே வந்து மைக்கை நீட்டினான். கல்லூரி ஆட்டத்தில் இவ்வளவு பெரிய பெயர் எடுத்தவர் தொழில்முறை ஆட்டத்தில் நிலைப்பாரா என்று கேட்டான்.

"அந்தப் பையன் அணியில நிலைச்சுட்டான்னா என் தாடிய எடுத்துடறேன், போய்யா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர் டொலீடோ முழுக்க என் தாடிதான் பேச்சு.

அது சாதாரணத் தாடி இல்லை. அணியில் சேர்ந்த வருஷம் விட்டது, இன்னும் கத்தி படவில்லை. என் மனைவி டானூட்டாவே என் மோவாயைப் பார்த்தது கிடையாது. தாடி போனால் என் அதிர்ஷ்டமும் போய்விடும் என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஆட்டம் தலைக்கவசம் போட்டு முட்டிமோதும் அமெரிக்கக் கால்பந்து. என் பெயர் வெர்ன், வேலை சென்டர். வரிசையின் நடுவில் குனிந்து நின்று, பந்தைக் காலிடுக்கு வழியே பின்னால் கொடுக்கிறவன். வாங்கி எறிகிறவன் குவார்ட்டர்பேக். பேர் அவனுக்கு, படம் அவனுக்கு, முழங்கால் வலி எனக்கு. எத்தனையோ குவார்ட்டர்பேக்குகள் என் முதுகுக்குப் பின்னால் வந்து போய்விட்டார்கள். அதனால் அவர்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஓரினின் கையைக் குறை சொல்ல முடியாது. நெப்ராஸ்காவில் அந்தக் கைக்காகவே ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கத்தியது. ஆனால் கல்லூரியில் அவன் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. மைதான ஓரத்தில் பலகையைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒன்றில் வாத்துப் படம், இன்னொன்றில் பீட்சா. படத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும். இவன் கையைத் தட்டுவான், பந்து வரும்.

எங்களிடம் அந்தக் கதை நடக்காது. ஒவ்வொரு தடவை பந்தை எடுப்பதற்கும் முன்னால் வட்டமாகக் கூடி நிற்போம். பயிற்சியாளர் பாஸ்கம் ஒரு நீளமான வாக்கியத்தைக் குவார்ட்டர்பேக்கின் காதுக் கருவிக்குள் சொல்வார். அதை அவன் ஒரு சொல் பிசகாமல் எங்களுக்குச் சொல்ல வேண்டும். "வலக்கொத்து, மான் குறுக்கே, அறுபத்திரண்டு நங்கூரம், கொக்கி வெளியே, மூணாம் சத்தம்." அதில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொருவனுக்கு உத்தரவு. மூன்றாம் சத்தம் என்றால், அவன் மூன்றாவது தடவை குரல் கொடுக்கும்போது நான் பந்தைக் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் நாங்கள் வட்டமாகக் கூடினோம். பையன் எங்களைப் பார்க்காமல் மைதான ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே தண்ணீர் பாட்டில்காரர்கள் இருவர்தான் நின்றார்கள். இவன் வாத்தைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு இடப்பக்கம் நிற்கும் ஓட்டிஸ் கேட்டான்: "என்ன தம்பி, பஸ் வரலையா?"

பையன் சிவந்துபோனான். "வலக்கொத்து, மான்... கொக்கி... அறுபத்தி..." என்று தடுமாறினான். பாதிப் பேர் வலப்பக்கம் போனோம், பாதிப் பேர் இடப்பக்கம் போனோம். ஓட்டிஸும் நானும் தலையோடு தலை மோதிக்கொண்டோம். மறுபடி வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து படபடவென்று கைதட்டல் கேட்டது. நான் குனிந்தது குனிந்தபடியே இருந்தேன்.

"யாருக்குடா கை தட்டற? இங்க யாராவது பாடினாங்களா?" என்றேன்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. பழக்கதோஷம்."

நல்ல பையன்தான், அதுவும் எரிச்சலாக இருந்தது. நாள் போகப் போகவும் அதே கதை. பந்தைக் கையில் கொடுத்தால் ராஜா, வாக்கியத்தைக் கொடுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். குவார்ட்டர்பேக்குகள் மூவர், இடமோ இரண்டு. போட்டிகள் தொடங்குமுன் ஆடும், கணக்கில் சேராத காட்சி ஆட்டங்களில் கடைசியானது முடிந்ததும் ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஒருவன் யார் என்பதில் என் தாடிக்குச் சந்தேகமே இல்லை.

இதற்கு நடுவில் அந்த இரவுச் சாப்பாடு வந்தது. புதிதாக வந்தவர்கள் நாற்காலி மேல் ஏறித் தங்கள் கல்லூரிப் பாட்டைப் பாட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பாட்டு சகிக்கவில்லை என்றால் ரொட்டி பறக்கும். ஓரினின் முறை வந்தது.

"எனக்குப் பாட்டு வராதுண்ணே. ஏலம் விடட்டுமா?"

"எதை விடப்போற?" என்று கேட்டேன்.

"உங்களைத்தான்."

அவன் அம்மா மார்லீஸ் நெப்ராஸ்கா மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவள். இவன் சின்ன வயதிலிருந்தே அவள் பக்கத்தில் நின்று வளர்ந்தவன். அது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. என்னை மேஜை பக்கத்தில் நிறுத்தினான். கையில் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டான்.

"பாருங்கய்யா பாருங்க, டொலீடோ காளை! பல்லு ரெண்டு இல்ல, முழங்கால் ரெண்டும் ரிப்பேர், தாடி மட்டும் உருப்படி! தீனி அதிகம், பால் கிடையாது! அஞ்சு கோழி இறக்கைக்கு யாரு, அஞ்சு அஞ்சு அஞ்சு, ஜன்னலோரம் அஞ்சு, ஆறு கேக்கறேன், ஆறு ஆறு, ஓட்டிஸ் அண்ணன் ஆறு, ஏழு யாரு ஏழு யாரு, மூக்கைச் சொறிஞ்சவர் ஏழு! ஒரு தரம்! ரெண்டு தரம்! வித்தாச்சு!"

மூச்சு விடவில்லை, ஒரு சொல் தடுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடமே மேஜையைத் தட்டிச் சிரித்தது. எவனோ மூக்கைச் சொறிந்ததையே ஏலக் கேள்வியாக எடுத்துக்கொண்டு என்னை ஏழு கோழி இறக்கைக்கு விற்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

வெளியே வரும்போது அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, இங்க வாய் இந்த ஓட்டம் ஓடுது. வட்டத்துல நின்னா மட்டும் என்ன கேடு?"

"அங்க காதுல விழுற சொல்ல அப்படியே ஒப்பிக்கப் பாக்கறேன் அண்ணே. இங்க ஆளைப் பாத்து விக்கறேன். அம்மா சொல்லும், மாட்டைப் பாக்காதே, வாங்க வந்தவன் கண்ணைப் பாருன்னு. நெசமா வாங்கப் போறவன் மாட்டுப் பக்கமே திரும்ப மாட்டான். வேற எங்கேயோ பாத்துட்டு நிப்பான்."

"அப்ப வட்டத்துலயும் வித்துத் தொலைய வேண்டியதுதானே?"

"பாஸ்கம் கோச் இது என்ன மாட்டுச் சந்தையான்னு கேப்பாரே?"

"கேக்கத்தான் செய்வார்" என்று சொல்லி, தாடியைத் தடவிக்கொண்டே படுக்கப் போனேன்.

கடைசிக் காட்சி ஆட்டம் சனிக்கிழமை மதியம் எங்கள் மைதானத்தில் நடந்தது. கிழவர்களான எங்களுக்குப் பாதியில் ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் மாற்று சென்டர் காலையில் தின்ற சிப்பி சேராமல் கழிப்பறையே கதி என்று கிடந்தான். அதனால் கடைசிவரை நானே நின்றேன். நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தோம். பந்து எங்கள் பக்கத்துக் கோடியில் கிடந்தது, நேரமும் கொஞ்சம்தான் மிச்சம். பாஸ்கம் ஓரினை உள்ளே அனுப்பினார். இன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் திங்கட்கிழமை ஊருக்குப் போகலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார். அது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

வட்டமாகக் கூடினோம். அவன் காதுக்குள் வாக்கியம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஸ்கோர் பலகையில் நொடிகள் கரைந்துகொண்டிருந்தன. மைதான ஓரத்தில் பாஸ்கம் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

எனக்குத் தோற்பது என்றால் ஆகாது, காட்சி ஆட்டமானாலும் ஆகாது. தாடி கீடி எல்லாம் மறந்துபோயிற்று. அவன் தலைக்கவசத்தின் கம்பியைப் பிடித்து இழுத்தேன்.

"டேய்! எங்க மூஞ்சியப் பாருடா! வித்துத் தொலைடா!"

பார்த்தான். அப்புறம்தான் வந்தது.

"வலக்கொத்து யாருக்கு, வலக்கொத்து ட்ரெவல் அண்ணனுக்கு! மான் குறுக்கே, குறுக்கே குறுக்கே, கெட்டிக்காரன் உனக்கு! அறுபத்திரண்டு நங்கூரம், தாடிக்காரருக்கும் ஓட்டிஸுக்கும் ஜோடியாப் போகுது! கொக்கி வெளியே, நெட்டையன் எடுத்தாச்சு! ஒரு தரம், ரெண்டு தரம், வித்தாச்சுன்னதும் பந்து!"

ஓட்டிஸ் சிரித்துக்கொண்டே வரிசைக்கு வந்தான். அவனவனுக்கு அவனவன் சரக்கு தெளிவாகக் கிடைத்திருந்தது. "ஒரு தரம்! ரெண்டு தரம்! வித்தாச்சு!" பந்து என் கையை விட்டு ஓரினிடம் போனது, அவன் எறிந்ததும் முன்னால் ஓடிப் பந்து பிடிக்கிற ட்ரெவலின் கையில் போய் உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. ஒருமுறை "ரெண்டு தரம்" என்று இழுத்து நிறுத்திவிட்டான். எதிரணித் தடியன் ஒருவன் பொறுக்கமாட்டாமல் பந்து நகருமுன்பே கோட்டைத் தாண்டிப் பாய்ந்தான். நடுவர் அது தப்பு என்று துணியை வீசி எங்களை முன்னால் நகர்த்தினார். மைதானத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த தடவை அவர்களும் சேர்ந்து, "ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று கத்தினார்கள்.

கடைசி வாய்ப்பு. தாண்டினால் புள்ளி கிடைக்கும் எல்லைக் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டோம். வட்டத்தில் அவன் என்னிடம் குனிந்தான்.

"இது மொதல் கேள்விக்கே போற மாடு அண்ணே. ஒரு தரம்னதும் குடுத்துடுங்க."

வரிசையில் குனிந்தேன். எதிரே சற்று வலப்பக்கம் ஐம்பத்தைந்தாம் எண்காரன், ஆட்டம் முழுக்க எங்களை முறைத்துக்கொண்டிருந்தவன், இப்போது மாடத்தில் வேர்க்கடலை விற்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஓரினின் குரல் வந்தது.

"வெர்ன் அண்ணே! வலது பக்கம் கடலை வாங்கறவர்!"

எனக்குப் பொறி தட்டியது. நிஜமாக வாங்கப்போகிறவன் மாட்டைப் பார்க்கமாட்டானே; பாயப்போகிறவன் அவன்தான்.

"ஒரு தரம்!"

பந்தைக் கொடுத்துவிட்டு வலப்பக்கம் திரும்பினேன். ஐம்பத்தைந்து என் நெஞ்சில் வந்து மோதினான். இருவரும் புல்லில் விழுந்தோம். அவன் விட்டுவந்த காலி இடத்தில் ட்ரெவல் தனியாக நின்றான், பந்து அவனைத் தேடிப் போனது. நான் அதைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படியொரு சந்தோஷச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆனாலும் அது காட்சி ஆட்டம்தான். திங்கட்கிழமை காலை எல்லோரும் உடை மாற்றும் அறையில் அவரவர் அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அலுவலகத்து லெஸ்டர் வருவார். யார் தோளைத் தொட்டு, "கோச் கூப்பிடறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வா" என்று சொல்கிறாரோ அவன் கதை முடிந்தது. புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

லெஸ்டர் வந்தார். நேராக ஓரினிடம் போனார். தோளைத் தொட்டார். இந்தப் பையன் போகக் கூடாது என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது.

"கோச் கூப்பிடறார்."

ஓரின் குனிந்து புத்தகத்தை எடுத்தான்.

"அது எதுக்கு? அங்கேயே இருக்கட்டும்" என்றார் லெஸ்டர். "மத்தவங்களுக்கும் அந்த ஏலத்தைச் சொல்லிக்குடுக்கணுமாம். வா."

முதலில் கத்தியவன் ஓட்டிஸ். அடுத்தது நானாக இருக்கலாம். ஓரின் புத்தகத்தை அலமாரியில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். பிறகு திரும்பி என் மோவாயைப் பார்த்தான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் டானூட்டாவே கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். வெட்டியெடுத்த தாடியை ஒரு தட்டில் வைத்தார்கள். ஓரின் நாற்காலி மேல் ஏறிக் கரண்டியை உயர்த்தினான். "அஞ்சு கோழி இறக்கைக்கு யாரு?" என்றான். ஒரு பயலும் கேட்கவில்லை. டானூட்டா என் மோவாயைத் தொட்டுப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு" என்றாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஒட்டியிருந்த முடி வேறு அரித்தது. மூக்கைச் சொறிந்தேன்.

"வித்தாச்சு!" என்று கத்தினான் ஓரின்.