ஹாலுக்குக் கீழே

ரயில்வேயில் வேலை பார்க்கும் பிராங்கிளினுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்ததால்தான் அந்த வீட்டை விற்க முடிவு செய்தார்கள். அவர் மனைவி சகாயராணி பள்ளி ஆசிரியை. சாயங்காலமானால் வீட்டு ஹாலில் தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். திண்டுக்கல்லில் அவர்கள் சொந்தமாக வாங்கிய முதல் வீடு அது.

நிலக்கோட்டைப் பூ வியாபாரி மணிமாறனுக்கு வீடு பிடித்துப்போனது. கல்லூரியில் சேரப்போகும் மகளை அங்கே தங்கவைக்க நினைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீக டீச்சர். ஒரு எஞ்சினியர விட்டுப் பாத்துட்டு அட்வான்ஸ் போட்டுக்கிறேன்" என்றார்.

தாஹிரா என்ற இளம் எஞ்சினியர் வந்தாள். சுவர், மாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தாள். சிறு சுத்தியலால் தரையைத் தட்டிக்கொண்டே ஹாலில் வெகுநேரம் நின்றாள். அவள் எழுதிய அறிக்கையை மணிமாறன் வாட்ஸ்அப்பில் இவர்களுக்கும் அனுப்பிவைத்தார்.

பிராங்கிளின் அதைப் படிக்கப் படிக்கக் கொதித்தார். "பாத்ரூம் சுவத்துல ஈரமாம். சன்ஷேடுல வெடிப்பாம். எர்த் ஒயர் சரியில்லையாம். எல்லாம் வெலையக் கொறைக்கிற வேல ராணி."

சகாயராணிக்கும் அவமானமாக இருந்தது. பார்த்துப் பார்த்து வைத்திருந்த வீட்டை யாரோ ஒருத்தி குப்பை என்று எழுதிவிட்டதுபோல. "ஹாலைப் பத்தியும் என்னமோ எழுதியிருக்கே?"

ஹால் தரையின் நடுப்பகுதியில் தட்டினால் வெற்றோசை வருகிறது, திறந்து பார்க்காமல் முடிவு கூற இயலாது, அதுவரை பாரம் ஏற்ற வேண்டாம் என்று இருந்தது.

"டைல்ஸ் கழண்டிருக்கும். எந்த வீட்டுல கழலாம இருக்கு?" என்றார் பிராங்கிளின். அங்கே பீரோவோ கட்டிலோ இல்லை. அதனால் அவளும் அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம், தரையைத் திறந்து பார்ப்பது பற்றிப் பேச வந்த தாஹிரா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹால் நிறையப் பிள்ளைகள் சம்மணம் போட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், பிள்ளைகள எந்திரிக்கச் சொல்லுங்க" என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் நடுங்கியது. "ஒவ்வொருத்தரா வரட்டும். செவுத்த ஒட்டி வரட்டும். ஓட வேணாம்."

அந்த முகத்தைப் பார்த்ததும் சகாயராணி பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி அனுப்பினாள். கடைசிப் பிள்ளை வாசலைத் தாண்டிய பிறகுதான் தாஹிரா பக்கம் திரும்பினாள்.

"ரிப்போர்ட்ல எழுதியிருந்தேனே டீச்சர். பாரம் ஏத்தாதீங்கன்னு."

"பீரோ கீரோன்னு நெனச்சேன்மா. பிள்ளைக பாரமா?"

தாஹிரா தலைகுனிந்தாள். "ஆளுகளும் நிக்கக் கூடாதுன்னு நான் வெளிப்படையா எழுதியிருக்கணும். ஈரத்தையும் வெடிப்பையும் சரிபண்ணிக்கலாம். திறந்து பாக்கணும்னு எழுதினா, அங்க என்ன இருக்குன்னு எனக்கே தெரியலைன்னு அர்த்தம். டைல்ஸ் கழண்டா அங்கங்க சத்தம் வரும். இது வட்டமா வருது."

மறுநாள் காலை மணிமாறனும் வந்திருந்தார். கொத்தனார் சுவருக்குச் சுவர் நீளப் பலகை போட்டு, அதன்மேல் நின்று ஒரு டைல்ஸைப் பெயர்த்துத் துளை போட்டார். கொஞ்ச நேரத்தில் டிரில் சட்டென்று உள்ளே இறங்கியது. அவர் பதறிப்போய் இழுத்துக்கொண்டார். துளையிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

துளையைப் பெரிதாக்கி டார்ச் அடித்தார்கள். கீழே கல் கட்டிய சுவர் வட்டமாக இறங்கிப் போனது. அடியில் கறுப்பாகத் தண்ணீர் மின்னியது.

கிணறு. மேலே குறுக்காகப் போட்டிருந்த இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து, செதில் செதிலாக உரிந்து தொங்கின. அவற்றின் மேல்தான் பலகைக்கல்லும் டைல்ஸும்.

"மாதாவே" என்று சகாயராணி சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸுக்கு அதே இடத்தில் பிள்ளைகளை ஆடவிட்டிருந்தாள்.

மணிமாறன் கும்பிட்டார். "மன்னிச்சுக்கங்க டீச்சர். இதப் பாத்த பெறகு எம்மகள இங்க விட மனசு வராது." அவர் போய்விட்டார்.

பிராங்கிளின் நேரே தங்களுக்கு வீட்டை விற்றவரைத் தேடிப் போனார். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"என்ன சொன்னாரு?"

"கெணறு இருக்குறது தெரியுமாம். 'நீங்க கேக்கலையே தம்பி'ங்கிறாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு ராணி."

பிறகு பிராங்கிளின் தரையைப் பார்த்தபடியே முணுமுணுத்தார். "டைல்ஸ் ஒட்டிட்டா... அடுத்து வாரவக தட்டிப் பாக்கவா போறாக?"

சகாயராணி அவரை வெறித்துப் பார்த்தாள். துளையைவிட அந்தப் பேச்சு அவளை உலுக்கியது. "நமக்கு வித்தவரும் இப்புடித்தானங்க நெனச்சிருப்பாரு."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்றே அவள் டியூஷன் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். தீபா என்ற தாய் கூடவே வந்து, வாசலில் நின்று துளையை எட்டிப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு சகாயராணி டியூஷன் எடுக்கவில்லை.

தாஹிரா சொன்னபடி பழைய மூடியை உடைத்தெடுத்து, கல்லும் கிராவல் மண்ணுமாக அடுக்கடுக்காக இறுக்கிக் கிணற்றை மூடினார்கள். புதிதாகத் தளம் போட்டார்கள். மறுபடி சோதித்து இன்னொரு அறிக்கையும் வாங்கினார்கள். நினைத்த விலை கிடைக்கவில்லை. மாற்றலாகிப் போகவும் தாமதமாயிற்று.

கடைசியில் வாங்க வந்தவர்கள் ஆசாத், பாஸிலா தம்பதி. அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சகாயராணி சொல்லத் தொடங்கிவிட்டாள். இரண்டு அறிக்கைகளையும் கையில் கொடுத்தாள். பாஸிலா பயந்துபோய், "எந்த எடம்?" என்று கேட்டாள்.

சகாயராணி நடு ஹாலுக்குப் போய் நின்றாள். "இந்தா, இங்கதான்."