ஏவாள் மேல் போட்ட பழி

என் மகன் ஜெசிந்தனுக்கு இருபத்திரண்டு வயது. டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்தில் கிடங்கு வேலையில் நின்றவன் திடீரென்று விழுந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. அதுவரைக்கும் ஒரு காய்ச்சல்கூட இல்லை. எந்தத் தாய் இதைத் தாங்குவாள்?

டொக்டர் ஒரு கடதாசியை நீட்டினார். உடலை அறுத்துப் பார்க்கச் சம்மதம் வேண்டும். பரம்பரை இருதய வருத்தம் என்று தெரிந்தால் தங்கச்சியையாவது காப்பாற்றலாம் என்றார். குடும்பத்தில் வேறு யாரும் இப்படி இளவயதில் செத்தார்களா என்றும் கேட்டார்.

"இல்லை," என்றார் என் கணவர் மரியரட்ணம். "ஆண்டவர் மறைச்சதைக் கிண்டக் கூடாது. ஏவாள் கிண்டப் போய்த்தான் உலகத்துக்குச் சாவே வந்தது. என்ரை பிள்ளையை வெட்ட விடமாட்டன்."

எங்கள் செபக்கூட்டத்தை நடத்துகிறவர் அவர். அவர் வேதம் சொன்னால் எதிர்த்துக் கதைக்க ஆளில்லை, நானும்தான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

மகள் சுஜாந்தினி விடவில்லை. ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான வரலாறு படிக்கிறவள்.

"அப்பா, முந்நூறு நானூறு வருசத்துக்கு முந்தி ஆராய்ச்சி செய்தவையையும் இப்பிடித்தான் ஏவாளைக் காட்டி மிரட்டினவை. அந்த ஆராய்ச்சிக்காரர் உங்கடை சங்கீதத்தையே திருப்பிக் காட்டினவை. ஆண்டவற்றை வேலைகள் பெரிசு, அதிலை ஆசைப்படுறவை அதைத் தேடி ஆராய்வினமெண்டு. இந்த நாட்டிலை பிணம் அறுத்துப் படிச்ச ஒருத்தர் பிறகு ஆயராகவே வந்தவர். தேடுறது பாவமில்லை. நீங்கள் எதுக்குப் பயப்பிடுறியள்?"

கிழமைக்கொரு தரம் அந்தச் சங்கீதத்தை வாசிக்கிற மனிதர் அவர். கதிரையில் இருந்துவிட்டார்.

"டானியல் செல் விழுந்து சாகேல்லை," என்றார்.

டானியல் அவருடைய தம்பி. எங்கள் கலியாணத்துக்கு முன்பே யாழ்ப்பாணத்தில், யுத்தத்தில் செல் குண்டு விழுந்து செத்தவன் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"பந்தடிக்கேக்கை விழுந்தவன். பெரியப்புவின்ரை மகனும் அப்பிடித்தான். அந்த நேரம் செல் எண்டு சொன்னா ஒருத்தரும் மேலை கேக்கமாட்டினம். வருத்தக்காரக் குடும்பமெண்டா ஆர் பொம்பிளை தருவினம்?"

அடப் பாவி மனுசா! செல்லடியில் செத்தவன் என்று சொல்லி இருபத்தாறு வருடம் நான் அவனுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தேனே.

சுஜாந்தினி அழவில்லை. "அப்ப எங்களைப் பெத்துப்போட்டு, ஆர் முதல் விழுவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்களோ?"

"ஓம், பிள்ளை. ஒவ்வொரு நாளும் விடிய உங்கடை அறைக்கதவைத் திறந்து, மூச்சு வருதோ எண்டு பாத்தனான்."

கடதாசியை நான் இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். கதவைத் திறந்து பார்த்த மனிதன் ஒரு நாளாவது டொக்டரிடம் கூட்டிப்போயிருந்தால், என் பிள்ளை இன்றைக்கு வேலைக்குப் போயிருப்பான்.