கொடைக்குப் பிறகு வராத நாள்

பேச்சியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் எங்கள் ஊர் மருந்துக்கடையில் பொம்பளைகள் கூட்டம் நெரியும். எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான், தீட்டைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. சேரன்மகாதேவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எட்டு வருஷமாக நானும் வாங்கி விழுங்குகிறேன். கொடைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தால், பிள்ளையில்லாதவளுக்குச் சாமி பயமும் இல்லை என்று பேசுவார்கள்.

இந்த வருஷம் சாமியாடி என் முன்னால் வந்து நின்றார். நெற்றி நிறையத் திருநீறு அப்பி, "அடுத்த கொடைக்குக் கைப்பிள்ளையோட வருவ தாயி" என்றார். என் வீட்டுக்காரர் வன்னியராஜ் அத்தனை பேர் நடுவில் தேம்பி அழுதார்.

மாத்திரையை நிறுத்தினால் மூன்று, நான்கு நாளில் தீட்டு வந்துவிடும். இந்த முறை வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு போயிற்று. திடீர் திடீரென்று உடம்பு கொதித்தது, ரவிக்கை நனைய வேர்த்தது. "மசக்கைச் சூடுட்டி" என்றாள் மாமியார் கோமு. மூன்று மாசம் முடியுமுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் கண்பட்டுவிடும் என்றாள். எனக்கு நாற்பத்திமூன்று வயது. இது வேறாகவும் இருக்கலாம் என்று தோன்றத்தான் செய்தது. தோன்றியதை நானே அடக்கிப்போட்டேன். ஆசை அப்படி.

மூன்று மாசம் முடிந்து திருநெல்வேலிக்குப் போனோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் சுப்ரியா என் கையைப் பிடித்தார். பிடித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"அந்த மாத்திரையாலயா டாக்டர்?" என்றேன். மாத்திரை என்றால் யாரையாவது திட்டியாவது ஆறலாம்.

"இல்லம்மா, வயசுதான். சினைப்பையில முட்டை தீந்துபோச்சு. மூளை அது தெரியாம ஹார்மோனை அனுப்பிக்கிட்டே இருக்கு. அதான் ரத்தத்துல இவ்வளவு ஏறிக் கிடக்கு."

"இதுக்கு மருந்து இருக்கும்லா?"

"அந்தச் சூட்டுக்கு இருக்கு. முட்டைய உண்டாக்க இல்லம்மா."

வேறொருத்தி முட்டையை வைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதற்கு எங்கள் வீட்டில் வழியும் கிடையாது, மனசும் கிடையாது.

வெளியே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து கோமு போன் செய்தாள். அவர் எடுத்து, "நல்லா இருக்காம்மா. பத்திரமாப் பாத்துக்கிடச் சொன்னாவ" என்றார்.

"ஏன் இப்படிப் பொய் சொன்னிய?"

"என்னால முடியலட்டி. நீ அம்மாட்ட பையப் பைய சொல்லிக்கோ."

இந்த மனுஷனை என்ன செய்வது? எட்டு வருஷம் என்னை ஒரு சொல் சொல்லாதவர். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அத்தையிடம் எப்படிச் சொல்வதென்று வார்த்தை தேடினேன். பத்தமடை தாண்டும்போது ஒன்று கிடைத்தது. "அத்தே, எனக்கு நின்னுபோச்சு." அதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

வீட்டில் தெருப் பொம்பளைகள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். போனை வைத்த கையோடு கோமு எல்லாரையும் கூப்பிட்டுவிட்டிருக்கிறாள். என்னை நடுவில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசினாள். அவள் கண்ணில் தண்ணீர். "எம்மவன் வம்சம் அத்துப்போகுமோன்னு கெடந்தேன் தாயி" என்று என் வயிற்றைத் தடவினாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒருத்தி அதில் சீனியைப் போட்டாள்.