லூர்துவின் இரவல் வாக்கியங்கள்

ஃப்ளோராவுக்கு முப்பத்து மூன்று வயது. தங்கை லூர்துவுக்கு இருபத்தொன்று. அம்மா சிலுவையம்மாள் செத்து மூன்று வருடமாகியிருந்தது. இராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும். தினமும் காலையில் ஃப்ளோரா சோற்றை மூடி வைத்துவிட்டு, தங்கையை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு, திருவொற்றியூரில் மருந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குப் போவாள். பூட்டுவதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட.

லூர்து மூன்றாம் வகுப்போடு நின்றவள். "உன் பேர் என்ன?" என்று புது டீச்சர் கேட்டதற்கு, "உன் பேர் என்ன?" என்று அதே குரலில் திருப்பிக் கேட்டாள். திமிர் என்று பிரம்பு விழுந்தது. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே பிரம்பு. மூன்றாம் நாள் அம்மாவைக் கூப்பிட்டு, இனி அனுப்ப வேண்டாம் என்றார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வளர வளர சரியாகும் என்றார். வளர்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பேச்சு வராமல் இல்லை. எப்போதோ யாரோ சொன்ன வாக்கியங்களை எடுத்துத்தான் பேசுவாள். "கொழாயில தண்ணி நின்னுடப் போவுது" என்றால் தாகம். காலையில் அம்மா போடும் கூச்சல் அது. "கைய எடு, டாக்டரு பாக்கட்டும்" என்றால் எங்கோ வலி. "சங்கு ஓஞ்சிடும், படுத்துக்க" என்றால் சத்தம் தாங்கவில்லை என்று அர்த்தம்; துறைமுகச் சங்கு ஊதும்போது அம்மா சொன்னது. இந்தப் பாஷை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். அம்மா போனபின் ஒருத்திதான்.

ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த ஹென்றி ஒருமுறை பெண் கேட்டு வந்தார். நல்ல மனிதர். "தங்கச்சிய சிஸ்டருங்க மடத்துல வுட்டுடலாம், மாசம் ஒருக்கா போய்ப் பாத்துக்கலாம்" என்றார். ஃப்ளோரா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். நான் இல்லாவிட்டால் இவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது என்பதுதான் அவளை அத்தனை வருடமும் தாங்கிப் பிடித்திருந்தது.

எழுபத்திரண்டாம் வருடம் ஆகஸ்டில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது பூட்டு வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. காலையில் அவசரத்தில் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது. உள்ளே யாருமில்லை. ஃப்ளோரா முதலில் கடற்கரைக்கு ஓடினாள். அப்புறம் ஸ்டேஷன், தண்டவாளம். கடைசியில் மீன் விற்கும் பூவம்மாதான், "கோணிக்காரங்க கொட்டாயில குந்திகினு கீது உன் தங்கச்சி" என்றாள்.

ரசூல் பீவியின் கொட்டகை இரண்டு தெரு தள்ளி இருந்தது. துறைமுகத்திலிருந்து வரும் பழைய கோணிகளைக் கிழிசல் தைத்து மில்களுக்கு அனுப்பும் தொழில். ஏழெட்டுப் பெண்கள் தைத்துக்கொண்டிருக்க, நடுவில் லூர்து கோணிகளை அளவு வாரியாகப் பிரித்து, ஓரம் பிசகாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"காலீல வந்து குந்தினா. யாரும் சொல்லல, அவளா எடுத்து அடுக்கறா" என்றாள் பீவி. பிறகு குரலைத் தாழ்த்தி, "பூட்டிகினா போறே?" என்றாள்.

ஃப்ளோரா தரையைப் பார்த்தாள். "சாப்ட்டாளா, பீவிக்கா?"

"துன்னா. தண்ணி கேட்டா, குடுத்தேன்."

"எப்டி கேட்டா?"

"கொழாயி, கொழாயின்னா. கொழாயில தண்ணியத் தவுர இன்னா வரும்?"

ஃப்ளோராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளிலிருந்து லூர்து கொட்டகைக்குப் போனாள். முதல் வாரம் சுலபமாக இல்லை. வாசலில் லாரி ஹாரன் அடித்தபோது அவள் தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். பேய் பிடித்திருக்கிறது என்று ஒருத்தி எழுந்து போய்விட்டாள். ஃப்ளோரா அரை நாள் லீவு போட்டு வந்து, எந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று பீவியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுப்பதுபோல் இருந்தது.

பீவி லாரிக்கார அத்தாவுல்லாவைக் கூப்பிட்டு, தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வரச் சொன்னாள். சுவரில் கரியால் வரிசையாகப் படம் போட்டாள்: கோணி, சோற்றுத் தட்டு, மறுபடி கோணி, பிறகு வீடு. லூர்து ஒவ்வொரு வேளையும் போய் அடுத்த படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். அலறல் குறைந்தது. மாதம் முடிவதற்குள் தனியாகவே போய் வரத் தொடங்கினாள். சனிக்கிழமை கூலியைக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கினாள்.

ஃப்ளோராவுக்குச் சாயங்காலங்கள் நீண்டுபோயின. முன்பெல்லாம் வந்ததும் தங்கை என்ன கேட்கிறாள், எங்கே வலிக்கிறது என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். இப்போது லூர்து கை கால் கழுவி, சாப்பிட்டு, சுவர் ஓரமாகப் படுத்துக்கொண்டாள். ஃப்ளோரா அவளை ஒட்டி உட்கார்ந்து கம்பெனிக் கதைகளைச் சொல்வாள். லூர்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அப்படி ஒரு நாள் லூர்து சொன்னாள்: "அட்டி சாயுது, நவுந்துக்க."

அது அம்மாவின் வாக்கியம் இல்லை. குரலும் ரசூல் பீவியின் குரல். ஃப்ளோரா தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கையைத் தட்டிவிட்டாள். "அட்டி சாயுது, நவுந்துக்க." பயமா, வலியா, பசியா? இருபத்தொரு வருடத்தில் முதல்முறையாகத் தங்கை பேசியது அவளுக்குப் புரியவில்லை.

காலையில் பஸ்ஸை விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

"அதுவா" என்றாள் பீவி, ஊசியில் சணல் கோத்துக்கொண்டே. "அடுக்கி வெச்ச கோணி அட்டி சாஞ்சா நாங்க சொல்றது. யாருனா ரொம்ப ஒட்டிகினு குந்தினா அப்டித்தான் சொல்லுவா. கொஞ்சம் தள்ளி குந்தினா செரியாப் பூடும்."

"எவ்ளோ நாளா சொல்றா?"

"வந்த மறுநாளே ஆரமிச்சிட்டா."

அன்று சாயங்காலம் ஃப்ளோரா தன் பாயை எடுத்து வாசற்பக்கச் சுவரோரம் விரித்தாள். லூர்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கையைக் காலை நீட்டிப் படுத்தாள். சிறிது நேரத்தில் தூங்கிவிட்டாள். நடுவில் நாலு அடி வெறும் சிமெண்ட் தரை. தங்கை அப்படித் தாராளமாகக் கை விரித்துத் தூங்கி ஃப்ளோரா பார்த்ததே இல்லை. விளக்கை அணைக்காமல், வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.