பெயர் கேட்கும் பொத்தான்

வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பொத்தானை வைத்தாக வேண்டும் என்று மேலாளர் தர்மாஜி ஐயா, அவர்கள் வழக்கில் 'பாக்' தர்மாஜி, சொல்லிவிட்டார். வைக்காவிட்டால் வெனிங்கின் ஒப்பந்தம் அத்தோடு சரி.

இந்தோனேசியாவின் செமாராங் நகரில் அந்தச் சின்ன ஆய்வு நிறுவனத்துக்காக அவள் எழுதிய மென்பொருள், ஒரு தெருவின் எல்லா வீடுகளையும் குலுக்கிப் போட்டுப் பத்து வீடுகளைச் சொல்லும். கணக்கெடுப்பவர் அந்தப் பத்துக்கே போக வேண்டும். ஆனால் எந்தத் தெருவிலும் முதலில் தெருத் தலைவர் வீட்டில் ஏறி, இனிப்புத் தேநீர் குடித்து, அனுமதி கேட்பது வழக்கம். கோப்பை காலியாவதற்குள் தலைவர் பாதி வீடுகளை மாற்றியிருப்பார். இந்த முறை கணக்கெடுக்கும் தெருவின் தலைவருக்கோ, ஆற்றங்கரைக் குடிசைகளை வெளியாருக்குக் காட்ட வெட்கம். போன வருடம் அந்தத் தெருவில் மண்தரை வீடே இல்லை என்று அமைச்சகத்துக்கு அறிக்கை போனது. அதனால் ஆற்றங்கரைக்கு வந்துகொண்டிருந்த மானிய அரிசி நின்றது.

"வீட்ட மாத்த ஒரு பட்டன். ஒரு மணி நேர வேலைம்மா," என்றார் தர்மாஜி. "குலுக்கல்ல வந்த ஆத்தங்கரைப் பதினொண்ணாம் நம்பர் வீட்டுக்குப் போகாதீங்கன்னு தலைவர் காலையிலேர்ந்து மூணு தடவ போன் பண்ணிட்டாரு. மானம் போகுதாம்."

"மானம் அவருக்கு, பட்டினி அவங்களுக்கா, பாக்?"

"வாயா இது, சம்பல் அரைக்கிற கல்லா? போய் வேலையப் பாரு."

வெள்ளிக்கிழமை காலை டேப்லெட்டை அவர் மேசையில் வைத்தாள். 'வீட்டை மாற்று' என்று சிவப்பில் ஒரு பொத்தான். தர்மாஜியின் முகம் மலர்ந்தது. அழுத்தினார்.

திரை கேட்டது: மாற்றச் சொன்னவர் பெயர்? அதன் கீழே: இந்தப் பெயர் அறிக்கையின் முதல் பக்கத்தில் வரும்.

"என்ன கண்றாவி இது?"

"நீங்க கேட்ட பட்டன்தான்."

"இந்தக் கேள்விய எடு."

"எடுக்க மாட்டேன்."

"வேற ஆள வெச்சு எடுப்பேன்."

"தாராளமா. ஏன் எடுத்தீங்கன்னு அமைச்சகத்துல கேட்டா என் நம்பரக் குடுங்க. நான் சொல்றேன்."

வெளியே மற்றவர்கள் தட்டச்சு செய்யும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. தர்மாஜியின் விரல் திரைமேல் தயங்கியது. தலைவர் பெயரை எழுதினால் அந்தத் தெருவில் இனிக் கால் வைக்க முடியாது. தன் பெயரை எழுதுவதா? எதையும் எழுதாமல் டேப்லெட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"இந்த மாசத்தோட உன் ஒப்பந்தம் முடியுது. ஞாபகம் இருக்கட்டும்."

"மாசம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கு, பாக்."

டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பதினொன்றாம் எண் வீட்டுக்குத் தானே கிளம்பினாள்.