சுண்ணாம்பு வைத்த பல்

எஞ்சின் கறுப்பாகப் புகை கக்க ஆரம்பித்ததும், உள்ளே ரிங் தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாமே தப்பு.

அது இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆலங்குடிக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் கடலை நின்றது. ஆடியில் விதைத்தது, புரட்டாசியில் விழுது இறங்குகிற பருவத்துக்கு வந்திருந்தது. கடலை பயிரிட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூ உதிர்ந்த இடத்திலிருந்து ஊசி மாதிரி ஒரு விழுது கீழே இறங்கும். அது மண்ணுக்குள் போனால்தான் காய். மண் ஈரமாக இருந்தால் போகும். இறுகிக் கிடந்தால் அந்தரத்தில் நின்று கருகிவிடும். மழை வரும் வரும் என்று ஏய்த்துக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் கிடந்தது. மேலே ஏற்றுவதற்கு மாடு இல்லை, எஞ்சின்தான் இருந்தது. மாட்டை விற்றுத்தான் நான் எஞ்சினே வாங்கினேன். அது போதாதென்று, மாடு கட்டி இறைக்கிற கமலை மரங்களையும் இனி எதற்கு என்று பிடுங்கி எஞ்சின் கொட்டகைக்கு உத்தரமாகப் போட்டுவிட்டேன்.

அஞ்சு குதிரைச் சக்தி டீசல் எஞ்சின். புதுக்கோட்டையில் அதற்குக் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் மிலிட்டரி வேலைக்குப் போய்விட்டார். முன்பு ஒரு தடவை அவர் இந்த எஞ்சினைப் பிரித்து மாட்டியபோது நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பார்த்ததையெல்லாம் படித்துவிட்டதாக நினைக்கிற புத்தி எனக்கு எப்போதும் உண்டு.

ரிங் மாற்ற மேல் மண்டையையும் பிஸ்டனையும் கழற்றினால் போதும். பக்கவாட்டில் இருக்கிற பல்சக்கரங்களைத் தொடவே வேண்டாம். இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு, திறந்ததுதான் திறந்தோம், எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் பண்ணிவிடலாம் என்று ஆசை வந்தது. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கழற்றினேன்.

சின்னச் சக்கரம் ஒன்று, பெரிய சக்கரம் ஒன்று. சின்னதில் கம்பெனிக்காரன் ஒரு புள்ளி குத்தி அனுப்பியிருந்தான். பெரியது பிற்பாடு உள்ளூரில் அடித்துப் போட்டது, அதில் அடையாளம் எதுவும் கிடையாது. அந்தப் புள்ளிக்கு நேராகப் பெரிய சக்கரத்தின் ஒரு குறிப்பிட்ட பல் வந்து உட்கார்ந்தால்தான் வால்வு திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கும், எண்ணெய் விழ வேண்டிய நேரத்தில் விழும். நாற்பத்தெட்டுப் பல்லில் ஒரே ஒரு பல். கழற்றுவதற்கு முன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அந்தப் பல்லில் அழுத்தித் தடவினேன். காய்ந்ததும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாமான்களைச் சாக்கில் பரப்பிவிட்டு, ரிங் வாங்க, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியைப் போட்டு ஓட்டின பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். அளவு கிடைக்காமல் இரண்டு நாள் அங்கேயே அலைந்தேன். ஒருவழியாக ரிங் கிடைத்துத் திரும்பி வந்த அன்றைக்கு ஆயுத பூஜை.

கொட்டகை சாணி போட்டு மெழுகியிருந்தது. அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து எல்லாம் வாழை இலையில் வரிசையாக இருந்தன. அவற்றோடு என் எஞ்சினும் துண்டு துண்டாக உட்கார்ந்திருந்தது. என் சம்சாரம் கண்ணாத்தாள் பித்தளைக்குப் புளியும் இரும்புக்குச் செங்கல் பொடியும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்து, துடைத்து, எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். பிஸ்டன் பொங்கல் பானை மாதிரி மின்னியது. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று, அதை மறைக்க விரும்பவில்லை.

சித்தப்பா மகன் பிச்சைமுத்து அண்ணன் பொரி வாங்க வந்தவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, எஞ்சினுக்குக் கல்யாணமா?"

"ஆமாண்ணே. நாளைக்கு மறுவீடு. தண்ணி ஊத்தும் பாருங்க" என்றேன்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டுப் போய் முதல் காரியமாகப் பெரிய சக்கரத்தைக் கையில் எடுத்தேன். திருப்பினேன். மறுபடியும் திருப்பினேன். நாற்பத்தெட்டுப் பல்லும் ஒன்றுபோல மின்னின.

"கண்ணாத்தா! இதுல இருந்த சுண்ணாம்பு எங்க?"

"அழுக்குன்னு நெனச்சுத் தேச்சுட்டேங்க. அந்தச் சக்கரத்துல..."

"எந்தச் சக்கரத்துல? ஒனக்கென்ன தெரியும் சக்கரத்தைப் பத்தி? சாமி கும்புடுறேன்னு என் குடியைக் கெடுத்துட்டியே!"

"இல்லங்க, நான் தேய்க்கையில..."

"வாயைத் தொறக்காதே. எஞ்சின் ஓடுற வரைக்கும் கொட்டகைப் பக்கம் ஒன் நெழல் விழுந்துச்சு, நடக்கிறதே வேற!"

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

சரி, நாற்பத்தெட்டுத்தானே, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. பெரிய சக்கரத்தின் அச்சு ஒரு பக்கம் மூடியில்தான் உட்காரும். மூடாமல் சுற்ற முடியாது. ஒரு பல் தள்ளி வைக்க வேண்டும், மூடியைப் பொருத்த வேண்டும், எட்டு போல்ட்டையும் இறுக்க வேண்டும், எண்ணெய் ஊற்ற வேண்டும், பிறகு நானும் பிச்சைமுத்து அண்ணனும் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். ஓடாது. எண்ணெயை வடித்து, எட்டு போல்ட்டையும் கழற்றி, மூடியை எடுத்தால் நடுவில் வைத்த பேக்கிங் கிழிந்திருக்கும். பழைய காலண்டர் அட்டையை வெட்டிப் புது பேக்கிங் செய்ய வேண்டும். சாயங்காலத்துக்குள் மூன்று பல் பார்த்தால் பெரிய காரியம்.

ஒரு பல்லுக்கு எஞ்சின் செத்த பாம்பாகக் கிடந்தது. இன்னொன்றுக்குக் கைப்பிடியைத் திருப்பி அடித்து அண்ணனை வைக்கோல் மேல் தள்ளியது. மூன்றாம் நாள் ஒரு பல்லுக்கு இரண்டு தடவை இருமியது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணனைக் கட்டிப் பிடித்து, மறுபடியும் சுற்றி, மறுபடியும் சுற்றி, கை விட்டுப்போகிற வரைக்கும் சுற்றினேன். அந்த இரண்டு இருமலுக்கு மேல் அது எதுவும் பேசவில்லை. அதை ஒரு உதை உதைத்தேன். கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

ரோட்டில் போகிறவன் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து யோசனை சொன்னான். ஒருவன் எண்ணெய் மட்டம் என்றான். ஒருவன் கண்ணேறு பட்டிருக்கிறது, பூசணிக்காய் உடை என்றான். நான் பூசணிக்காயும் உடைத்தேன்.

கொட்டகை வாசலில் நின்று பார்த்தால் கடலைக் காடு முழுவதும் தெரியும். மேட்டுப் பக்கம் இலைகள் மத்தியானத்திலேயே மடங்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தன. கண்ணாத்தாள் கிணற்றில் வாளி போட்டு இறைத்து, குடத்தில் சுமந்து, செடி செடியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு ஏக்கருக்குக் குடத்துத் தண்ணீர்! அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. செய்வதையும் செய்துவிட்டு ஊர் பார்க்கக் குடம் தூக்குகிறாளே என்று நினைத்தேன். அப்படி நினைத்தவன் நான்தான், வேறு யாரும் இல்லை.

நாலாம் நாள் மத்தியானம் கஞ்சியைக் கொண்டுவந்து, உள்ளே வராமல் வாசல் காலுக்கு வெளியே நின்றாள்.

"ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போயிடுறேங்க."

"கஞ்சியை வச்சுட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கஞ்சி வாசலில் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள்.

பிச்சைமுத்து அண்ணன் அன்றைக்குச் சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"தம்பி, வீம்பு வேணாம். அந்த உத்தரத்தை எறக்கி மறுபடி கமலையைக் கட்டு. என் மாட்டை ஓட்டிக்கிட்டு வாரேன். ரெண்டு நாளு எறச்சா பாதிக் காடாவது நனையும்."

"கொட்டகையைப் பிரிக்கச் சொல்றீங்களா?"

"பயிரு பெருசா, கொட்டகை பெருசா?"

"நாளைக்கு ஓடிரும்ணே."

"நீ நாலு நாளா இதைத்தானே சொல்றே."

எனக்குச் சுருக்கென்றது. மாட்டை விற்றபோது வேண்டாம் என்று தடுத்தவர் அவர். அவர் மாடு என் கிணற்றில் நடந்தால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்றுதான் என் புத்தி போயிற்று. "எஞ்சின் வச்சிருக்கிறவனுக்கு மாடு எதுக்கு?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனாலும் மறுநாள் கைப்பிடி சுற்ற அவர் வரத்தான் செய்தார்.

ஆறாம் நாள் அவருக்கு ஆலங்குடியில் ஜோலி. வீம்புக்கு நான் தனியாகவே சுற்றினேன். பதினாறாவது பல். கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன். அது எண்ணெய்த் தகரத்தில் பட்டு, இருந்த எண்ணெயில் பாதி மண்ணில் போயிற்று. பெர்மிட்டுக்கு அலைந்து வாங்கிய எண்ணெய். கவிழ்ந்த தகரத்தை நிமிர்த்தக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், எல்லாம் அவளால் வந்த வினை என்கிற ஆத்திரம் மறுபடி மூண்டது. ஒற்றைக் கையால் மூடியைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே எடுத்துக்கொண்டு கத்தினேன்.

"ஒன் கையாலதாண்டி கெட்டுச்சு! வந்து பாரு! பாத்து ரசி!"

அவள் வருவாள் என்று நினைக்கவில்லை. இடுப்பில் குடத்தோடு வந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். என் கையிலிருந்த சக்கரத்தை வாங்கி, கண்ணால்கூடப் பார்க்காமல், ஒற்றை விரலால் பல் பல்லாகத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதான்."

"எதுதான்?"

"சுண்ணாம்பு இருந்த பல்லு."

வாங்கிப் பார்த்தேன். அந்தப் பல்லின் உள்ளோரத்தில் அரிசி முனை அளவுக்கு ஒரு சிதைவு. வேறெந்தப் பல்லிலும் அது இல்லை. ஆறு நாளாக அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்து உருட்டியவன் நான், என் கண்ணில் அது படவில்லை.

அவள் வலது கை நடுவிரலை நீட்டினாள். நுனியில் ஆறிக்கொண்டிருந்த ஒரு வெட்டு, அதைச் சுற்றித் தோல் வெந்து வெளுத்திருந்தது.

"தேய்க்கையில இந்த முனை வெரலைக் கிழிச்சிருச்சுங்க. சுண்ணாம்பு காயத்துக்குள்ள போயி அப்பிடி எரிஞ்சுச்சு. சுண்ணாம்பு வேற எந்தப் பல்லுலயும் இல்ல, இதுல மட்டுந்தான்."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன கேடு ஒனக்கு?"

கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே விளங்கியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு தடவ சொல்ல வந்தேங்க" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புள்ளிக்கு நேராக அந்தப் பல்லை வைத்தேன். மூடினேன். வலித்த கையோடு இறுக்கினேன். ஆலங்குடியிலிருந்து திரும்பிய பிச்சைமுத்து அண்ணன் வந்து ஒரு பக்கம் பிடித்தார். நாலு சுற்று சுற்றிவிட்டு லீவரைத் தட்டியதும், ஆறு நாளாக ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் டப் டப் என்று ஓட ஆரம்பித்தது. சில நிமிஷத்தில் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் கொண்டுபோய்க் குழாய்க்கு அடியில் கொடுத்தேன்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். அண்ணன் என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"கெட்டிக்காரன்டா தம்பி நீ! எப்புடித்தான் கண்டுபுடிச்சே?"

வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்ற கண்ணாத்தாள் மடை திறப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு நாளாக என்னைக் கேலி பேசின பத்துப் பேர்.

"ஒவ்வொரு பல்லாப் பாத்தேண்ணே" என்றேன்.

அவள் குனிந்து மடையைத் திறந்துவிட்டாள். தண்ணீர் முதல் பாத்திக்குள் போயிற்று.

அன்றிலிருந்து விடாமல் இறைத்தோம். ஐப்பசியில் மழையும் பிடித்துக்கொண்டது. வெளியே பார்த்தால் மேட்டுப் பக்கம், பள்ளப் பக்கம் என்று வித்தியாசமே தெரியாமல் காடு பச்சைப் பசேலென்று நின்றது. தப்பித்தோம் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டில் அவள் கேட்டதற்குப் பதில் சொல்வாள், சோறு போடுவாள். அந்தச் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கிளறவில்லை.

கார்த்திகையில் கடலை பிடுங்கினோம். பத்து ஆட்கள். பிச்சைமுத்து அண்ணனும் வந்திருந்தார். பள்ளப் பக்கம் செடிக்குச் செடி காய் கொத்துக் கொத்தாக வந்தது. அவள் குடத்துத் தண்ணீர் ஊற்றிய சில வரிசைகளும் பழுதில்லை. பிறகு மேட்டுக்குப் போனோம். இலை என்னவோ தளதளவென்று இருந்தது. பிடுங்கினால் வேரில் இரண்டு பொக்குக் காய், அதற்கு மேல் கருகிய நூல் மாதிரி விழுதுகள். மண்ணைத் தொடாமலே காய்ந்துபோனவை. ஒரு செடி, இரண்டு செடி இல்லை, பாதிக் காடு.

"மேல எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு? இதுக்கு என்ன வந்துச்சு?" என்று அண்ணன் ஒரு செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கண்ணாத்தாள் தன் கையிலிருந்த செடியைத் தலைகீழாகப் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இதெல்லாம் இவங்க ஒவ்வொரு பல்லாப் பாத்த செடிங்க மாமா."

அண்ணன் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். செடி என் கைக்கு வந்திருந்தது. எடையே இல்லை.

"அந்தப் பல்லைக் காட்டினது இவதாண்ணே" என்றேன்.

அவள் அதற்குள் குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கியிருந்தாள். அதிலும் ஒன்றும் இல்லை.