செல்லபாய்க்கு ஒதுக்கிய தெர்மகோல் வீடு

நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில், குடியிருப்புக் காலனிப் பணியாளர்கள் இருபது பேருக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் மாலை நான்கு மணிக்கு, மேசைமேல் இருந்த ஒன்றரை அடி தெர்மகோல் வீட்டில் செல்லபாய் பால் காய்ச்சினாள். பால் பொங்கியது. தெர்மகோல் உருகவில்லை.

தவறு பிளஸ்ஸியுடையது. கடலோரக் காலனி ஒன்றில் அவள் தற்காலிகப் பணியாளர். சான்றிதழ் வாங்காவிட்டால் அடுத்த மாதம் வேலை இல்லை. அலுவலகப் பூட்டில் நம்பிக்கை இல்லாததால் ரப்பர் முத்திரையைக் கைப்பையிலேயே வைத்திருப்பாள். பயிற்றுநர் ராஜகுமார் மாதிரி வீட்டைக் காட்டி, யாராவது ஒருவருக்கு இதை ஒதுக்கி ஆணை எழுதிப் பழகுங்கள் என்றார். மற்றவர்கள் சினிமா நடிகர்களுக்கு ஒதுக்கினார்கள். பிளஸ்ஸிக்குக் கற்பனை வராது. தன் காலனியில் வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயரை எழுதினாள், முத்திரை குத்தினாள், கையேட்டில் சொன்னபடி பயனாளிக்குப் போன் செய்தாள். பதினோரு வருடமாக அண்ணன் வீட்டு விறகுப்புரையில் கிடந்த செல்லபாய், கணவன் ஏசுஅடிமையோடும் ஒரு கோழியோடும் இரண்டு சாக்கு நிறையப் பாத்திரங்களோடும் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள். ராஜகுமார் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; அசல்தான். தாழ்ந்த வாசலில் நுழைபவர்களைப் போலச் செல்லபாய் தலையைக் குனிந்தாள், உள்ளே போய்விட்டாள். ஏசுஅடிமையும் குனிந்தான். கோழிக்குக் குனியத் தெரியாததால் அது பழைய அளவிலேயே வெளியே நின்றது.

இரண்டாம் நாள் பாடம், குடியிருப்பவரிடம் குறை கேட்பது. பிளஸ்ஸி கதவைத் தட்டினாள். வீடு ஆடியது.

“ஏட்டி, நீ தட்டுன தட்டுல கொழம்புச் சட்டி மறிஞ்சாச்சு! நகத்தால தட்டப்பிடாதா?” குரல்தான் சின்னதாகிவிட்டிருந்தது, அதட்டல் அப்படியே இருந்தது.

“தப்புதான் அக்கா. வேற என்ன கொறை உண்டு?”

“வாசல்ல கோழி போட்ட முட்டை கெடக்கு. அத எடுத்து மாத்து மொதல்ல. இவிய உள்ள நின்னு ரெண்டு மணிக்கூறா தள்ளிப் பாக்காவ.”

பொதுவழியில் இடையூறு என்று தலைப்பிட்டு இருபது பேரும் புகாரைப் பதிவு செய்தார்கள். முட்டையை எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மதியம் சமையல்காரர் எடுத்துப் பொரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் கடைசிப் பாடம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். மறுநாள் மண்டபத்தில் கல்யாணம்; மாதிரி வீடு திங்கட்கிழமை தக்கலைப் பயிற்சிக்குப் போக வேண்டும். பிளஸ்ஸியே நோட்டீஸ் எழுத வேண்டும், எழுதினால்தான் சான்றிதழ் என்றார் ராஜகுமார். ஜன்னலில் செல்லபாயின் முகம் மிளகளவு தெரிந்தது. அன்று காலையில்தான் அவள் கொசுவலை கட்டியிருந்தாள். பிளஸ்ஸி பேனாவை மூடினாள்.

“நான் எழுத மாட்டேன் சார்.”

“அப்போ சான்றிதழ் கிடையாதும்மா.”

“மாற்று வீடு குடுக்காம யாரையும் காலி செய்யப்பிடாதுன்னு கையேட்டுல பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கு. நீங்க எழுதுனதுதான சார்?”

அந்தக் கையேட்டை அதுவரை யாரும் பதினாலாம் பக்கம்வரை படித்ததில்லை. ராஜகுமார் வாங்கிப் படித்தார். எழுதிய அவருக்கே அது புதிதாக இருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிளஸ்ஸி வீட்டை மடியில் வைத்துக்கொண்டு தன் காலனிக்குப் பஸ்ஸில் போனாள். கண்டக்டர் வீட்டின் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்து உள்ளே இருந்தவர்களுக்கு இரண்டு டிக்கெட்டும், கோழிக்கு லக்கேஜும் போட்டார். ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவில், ஆடு எட்டாத சிமெண்டுத் திண்டு ஒன்றில் வீடு அமைந்தது. தக்கலையில் வெறும் அட்டைப்பெட்டியை வைத்துப் பயிற்சி நடத்தினார்கள். முத்திரைகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த இருபது பேரும் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், உள்ளே அடுப்பில் ஏதாவது இருக்கும் என்று, நகத்தால்தான் கதவைத் தட்டுகிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து பி பிளாக் மூன்றாம் மாடியில் முழு அளவு வீடு ஒன்று காலியானது. பிளஸ்ஸி ஆணையோடு வந்து நகத்தால் தட்டினாள். செல்லபாய் வாசலில் நின்று மூன்று மாடியையும் அண்ணாந்து பார்த்தாள்.

“தண்ணி சொமந்து அங்கன யாரு மக்கா ஏறுவா? அடுத்த ஆளுக்குக் குடு” என்று சொல்லிவிட்டுக் குடத்தை வெளியே வைத்தாள். மழை தொடங்கியது. ஒரு துளி விழுந்தது; குடம் நிறைந்தது.